டீ வடிகட்டியும் குவார்ட்டர்ஸ் முசாண்டாவும்

மொட்டை மாடியில் போட்ட துணி காய மாட்டேன் என்கிறது என்று வீட்டில் புகார். நியாயமான புகார்தான். கொடிக்கு மூன்றடி தள்ளி, செடிக் குச்சிகள் வேர்விடுவதற்காக எட்டு நாசில் வைத்து, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தூறல் போட்டுக்கொண்டிருந்தால் எந்தச் சேலைதான் காயும்? "ஏனுங்க, மில்லே மூடியாச்சு, நீங்க இன்னும் மூட மாட்டீங்களா?" என்று போன வாரம்கூடக் கேட்டாள். அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. அதனால் முதலில் மில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கோவையில் ஒரு நூற்பாலையில் 22 வருடம் எச் பிளான்ட் ஃபிட்டராக இருந்தேன். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று முழுசாக அங்கே யாரும் சொல்வதில்லை. ஸ்பின்னிங் ஹாலில் காற்றின் ஈரம், அதாவது ஆர்.எச்., 55க்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சு பறக்கும். கூடினால் ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். தூணுக்குத் தூண் இரட்டைத் தெர்மாமீட்டர் தொங்கும். ஒன்று வெறும் குமிழ், இன்னொன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அட்டவணையில் ஆர்.எச். பார்க்கலாம். வெறும் குமிழ் 32, ஈரக் குமிழ் 26 என்றால் 60ஐ ஒட்டி இருக்கும். அட்டவணையைத் தொடாமலே சொல்வேன்.

பிளான்ட்டுக்குள் வரிசை வரிசையாக நாசில்கள் தண்ணீரைச் சிதறடிக்கும். பெரிய ஃபேன் அதன் வழியே காற்றை இழுக்கும். கடைசியில் எலிமினேட்டர் என்று நெளிநெளியான தகடுகள். காற்றோடு ஒரு சொட்டுகூட ஹாலுக்குள் போகாமல் தடுப்பது அவற்றின் வேலை. ஈரம் போகலாம், துளி போகக் கூடாது. நூலின் மேல் துளி விழுந்தால் மேஸ்திரி முதல் மேனேஜர்வரை என்னைத்தான் தேடி வருவார்கள்.

இந்த எலிமினேட்டர் புத்திதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

2019இல் மில் நின்றது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஒண்டிப்புதூர் பக்கம் வந்துவிட்டோம். 2022 சித்திரையில் ஏதோ பேப்பர் விஷயமாக மில் கேட்டுக்குப் போனபோது வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: "தம்பி, ஆவணியில இடிக்கறாங்க. குவார்ட்டர்ஸ் லைன் மொத்தமும் போகுது." எச் பிளான்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் முசாண்டா இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது ஆள் உயரம். அதன் நிழலில்தான் இரண்டாம் ஷிப்ட் டீ. அன்றைக்கும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

ரோஸ் முசாண்டா எந்த நர்சரியிலும் கிடைக்கும், அது எனக்கும் தெரியும். 150 ரூபாய் கொடுத்தால் கவரோடு கையில் கொடுப்பார்கள். ஆனால் அது வேறு செடி.

இந்தச் செடியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பூ என்று நினைப்பது பூ இல்லை. நடுவில் சின்னதாக நட்சத்திரம் மாதிரி இருக்கிறதே, அதுதான் பூ. சுற்றிலும் மெத்தென்று தொங்குவது புல்லி இதழ். காட்டு முசாண்டாவில் ஐந்து புல்லி இதழில் ஒன்றுதான் இலை மாதிரிப் பெரிதாகும். ஐந்தும் பெரிதான வெள்ளை வகை ஒன்று பிலிப்பைன்ஸில் மக்கிலிங் மலையில் கிடைத்தது. அதற்கு அந்நாட்டு அதிபர் கேசோனின் மனைவி பெயரால் டோனா அரோரா என்று பெயர் வைத்தார்கள். அதையும் சிவப்பு வகையையும் லாஸ் பான்யோஸில் ஒட்டுச் சேர்த்து ரோஸ், பீச் நிறங்களில் கொண்டுவந்தார்கள். அவற்றில் பலவற்றுக்கும் அதிபர்களின் மனைவிமார் பெயர்கள்தான். டோனா லஸ் என்பது அதிபர் மகசேசேயின் மனைவி. இந்தக் கலப்புச் செடிகள் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. விண்பதியம் போடலாம், அதாவது கிளை செடியில் இருக்கும்போதே வேர்விட வைப்பது, இல்லையென்றால் குச்சி. மில் வளாகத்தில் தினம் போய்ப் பதியத்துக்குத் தண்ணீர் காட்ட முடியாது. ஆகவே குச்சி.

செம்பருத்தி, நந்தியாவட்டை மாதிரி குத்தி வைத்தால் வந்துவிடும் செடி இல்லை இது. குச்சிக்கு வேர் கிடையாது, ஆனால் இலை இருக்கிறது. இலை தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், கீழேயிருந்து ஈடு கொடுக்க ஆளில்லை. இலை முழுக்கக் கிள்ளிவிட்டால் வேர்விடத் தேவையான சாப்பாடும், இலையிலிருந்து இறங்கி வரும் ஆக்சின் என்ற வேர்த் தூண்டல் ஹார்மோனும் நின்றுபோகும். வேர் வரும்வரை இலை உயிரோடும் இருக்க வேண்டும், வாடவும் கூடாது. அதற்குத்தான் மிஸ்ட் சேம்பர், தூறலுக்குள் குச்சியை வைக்கும் கூடு.

ஈரம்தானே, நம்ம சப்ஜெக்ட் என்று இறங்கினேன்.

நாலுக்கு மூன்றடியில் பி.வி.சி. பைப் சட்டம், மேலே பாலித்தீன் கூடாரம். உள்ளே தண்ணீரைப் புகை மாதிரி சிதறடிக்கும் ஃபாகர். குச்சிகள் மேல் நேராகத் துளி படாதபடி ஃபாகரைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன், எலிமினேட்டர் புத்தி. மில்லிலிருந்து வந்த இரட்டைத் தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டேன். ஆர்.எச். 88. ஸ்பின்னிங் ஹாலில் அப்படிக் காட்டினால் வேலையே போயிருக்கும். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வீட்டில் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நாலாவது நாள் முப்பது குச்சியும் வெந்த கீரை.

அந்தத் தெர்மாமீட்டரில் நான் ஆர்.எச். மட்டும் பார்த்தேன், வெறும் குமிழைப் பார்க்கவில்லை. மதியம் கூடாரத்துக்குள் 43 டிகிரி. என்னிடம் ஒரு தெர்மல் கன் உண்டு, தொடாமலே குறிவைத்துச் சூடு பார்க்கும் கருவி, பேரிங் சூடேறுகிறதா என்று பார்க்க வைத்திருந்தது. அதை எடுத்து இலையைச் சுட்டுப் பார்த்தேன். 47. காற்றைவிட இலை சூடு! அங்கேதான் எனக்கு உறைத்தது. இலைக்குள் எப்போதும் நூற்றுக்கு நூறு ஈரம். வெளியே காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும், இலை காற்றைவிடச் சூடாக இருந்தால் உள்ளே இருக்கும் ஆவி வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும். நான் காற்றுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுக்க வேண்டியது இலைக்கு.

சந்தேகத்துக்கு ஒரு சோதனை செய்தேன். தொட்டியில் இருந்த செம்பருத்தியின் இலை நேர் வெயிலில் 43 காட்டியது. இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் இரண்டே முறை தெளித்துவிட்டு மறுபடி சுட்டேன். 33. இலை மேல் ஒட்டிய மெல்லிய தண்ணீர்ப் படலம் ஆவியாகும்போது சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது. ஆவியாவது இலையின் தண்ணீர் இல்லை, நாம் தெளித்த தண்ணீர். மில்லில் 22 வருடம் தடுத்த அந்தத் துளிதான் இங்கே வேலை செய்கிறது.

கூடாரத்தைப் பிரித்தேன். காற்று அடித்துத் தூறலைக் கொண்டுபோகாமல் இருக்க மூன்று பக்கம் மட்டும் ஷீட், மேலே 50 சதவீத பச்சை நிழல்வலை. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினில் இருக்குமே, 24 வோல்ட் பூஸ்டர் பம்ப், அது ஒன்று. கால் இன்ச் டியூப். 0.3 மில்லிமீட்டர் பித்தளை நாசில் எட்டு, குச்சிகளுக்கு ஒன்றரை அடி மேலே. எலெக்ட்ரிக்கல் வேலை தெரிந்தவனாக ஒன்று சொல்கிறேன்: ஈரத்தில் நின்றுகொண்டு தொடும் இடத்தில் 230 வோல்ட் மோட்டார் வைக்காதீர்கள். அடாப்டர் கீழே வீட்டுக்குள் இருக்கட்டும், மாடிக்கு 24 வோல்ட் மட்டும் போகட்டும். இதில் இன்னொரு வசதி, பழைய யு.பி.எஸ். பேட்டரி இரண்டைத் தொடராகக் கட்டினால் கரண்ட் போனாலும் ஓடும். வைகாசி வெயிலில் அரை நாள் மின்தடை என்றால் குச்சிகளுக்கு அதுவே கடைசி நாள்.

வைகாசிக் கடைசியில் இரண்டாம் முறை முப்பது குச்சி. இந்தத் தடவை டைமர் வைத்தேன். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 15 விநாடி, இரவு பகல் எந்நேரமும். தண்ணீர்? எங்களுக்கு நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை. அதைக் குச்சிக்கு விட்டால் எனக்குச் சோறு கிடைக்காது. ஆகவே போர் தண்ணீர், டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,400. குழித்தட்டில் வெறும் கோகோபீட்.

இலைகள் வாடவே இல்லை. மூன்று வாரம் பச்சைப் பசேலென்று நின்றன. பார்ப்பவர்கள் எல்லாம் பிடித்துவிட்டது என்றார்கள். அப்புறம் இலை மேல் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது, நாசில் ஒவ்வொன்றாக அடைத்தது. ஒரு குச்சியைத் தொட்டேன், கையோடு வந்தது. அடித்தண்டு கறுத்து, தோல் கழன்று, சாக்கடை வாசம். கோகோபீட்டைப் பிழிந்தால் தண்ணீர் ஒழுகியது. இரவில் இலை அதிகம் ஆவி விடாத நேரத்திலும் தெளித்து, அடியில் காற்றுப் போக வழியில்லாமல் மூழ்கடித்திருக்கிறேன். தண்ணீர் நிறைந்த இடத்தில் காற்று இருக்காது, காற்று இல்லாத இடத்தில் வேர் வராது. அழுகல் பூஞ்சைக்கு மட்டும் கொண்டாட்டம்.

மூன்று மட்டும் வேர்விட்டிருந்தன. அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கே தொட்டிக்கு மாற்றி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் மூன்றும் தலை தொங்கிவிட்டன. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஆனிக் கடைசியில் வாட்ச்மேன் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். "இன்னுமா தம்பி வரல? செடியே மொட்டையாயிரும் போல" என்றார். இதுதான் கடைசித் தடவை என்று அவருக்கும் தெரியும்.

நாற்பது குச்சி. காலை ஏழு மணிக்கு முன்னால் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தேன். பூவோ மொட்டோ இல்லாத கிளை. வளைத்தால் ரப்பர் மாதிரி வளையக் கூடாது, விறகு மாதிரி விறைத்தும் இருக்கக் கூடாது. முருங்கைக்காய் மாதிரி பட்டென்று ஒடிய வேண்டும். நாலைந்து விரற்கடை நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே பிளேடால் வெட்டு. மேலே இரண்டு இலை, அதையும் பாதியாகக் கத்தரித்தேன்.

ஹார்மோன் பவுடர் கடையில் டப்பாவாகக் கிடைக்கிறது. நான் ஐ.பி.ஏ. தூளாக வாங்கி நானே கலக்கினேன். அது தண்ணீரில் நேரடியாகக் கரையாது. 300 மில்லிகிராம் தூளை 50 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்து, மேலே 50 மில்லி தண்ணீர் சேர்த்தால் 3,000 பி.பி.எம். எடை போட நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு. குச்சியின் அடி அரை இன்ச் மட்டும் ஐந்து விநாடி முக்கி, ஆறவிட்டு நடுவது. தேன் தொடு, கற்றாழையில் குத்து, பட்டைத் தூள் தூவு என்று வீடியோ போடுகிறார்கள். செம்பருத்திக்கு அது எதுவும் இல்லாமலே வேர் வரும், வந்த பெயரைத் தேன் எடுத்துக்கொள்ளும். முசாண்டாவிடம் அது நடக்கவில்லை.

மண்ணும் மாறியது. சல்லடையில் சலித்து மேலே நின்ற குருணை எம்-சாண்ட், தூசி போக நாலைந்து முறை அலசியது, ஒரு பங்கு. உப்புப் போக ஊறவைத்துப் பிழிந்த கோகோபீட் ஒரு பங்கு. கையில் எடுத்து அழுத்தினால் இரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

இப்போது டீ வடிகட்டிக்கு வருகிறேன்.

டைமருக்கு வெயிலும் தெரியாது, மேகமும் தெரியாது. ஆடிச் சாரலில் பத்து நிமிடம் வெயில், ஒரு மணி நேரம் மூட்டம். எந்தக் கணக்கில் அமைப்பது? இலை காய்ந்ததும் தெளிக்க வேண்டும், நனைந்ததும் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் தேவை. அதற்கு இலை மாதிரியே நனைந்து இலை மாதிரியே காயும் ஒன்று வேண்டும். வெளிநாட்டு நர்சரிகளில் எஃகு வலையும் பாதரச ஸ்விட்சும் வைத்த ஒரு தராசுக் கருவி பல காலமாக இருக்கிறது. அதை வாங்கப் போனால் குவார்ட்டர்ஸையே வாங்கிவிடலாம் போல விலை. நானே செய்தேன்.

சமையலறையிலிருந்து எஃகு டீ வடிகட்டி ஒன்று. (கேட்காமல் எடுத்தேன், இதற்கும் தனியாகப் புகார் உண்டு.) அதன் வலையைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கினேன். சைக்கிள் போக்ஸ் கம்பியில் ஒரு முழ நீளக் கை. நடுவில் தையல் ஊசி, அதுதான் அச்சு. ஒரு முனையில் வலை, மறு முனையில் எடைக்கு ஒரு நட்டும், பட்டன் சைஸ் காந்தமும். காந்தத்துக்குக் கீழே ரீட் ஸ்விட்ச், கதவுத் திருட்டு அலாரத்தில் இருப்பது, உக்கடம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. மைக்ரோ ஸ்விட்ச்தான் முதலில் வைத்தேன். வலையில் நிற்கும் தண்ணீரின் எடை ஒன்றிரண்டு கிராம்தான், அதை அழுத்த அந்த எடைக்குத் தெம்பில்லை. காந்தம் என்றால் தொடவே வேண்டாம், கிட்டே போனால் போதும்.

வலை காய்ந்தால் லேசாகி மேலே எழும். மறு முனையில் காந்தம் இறங்கி ஸ்விட்சை நெருங்கும். ரிலே பட்டென்று போடும், பம்ப் ஓடும், தூறல் விழும். வலைக் கண்களில் தண்ணீர் நிரம்பி, முத்து முத்தாகக் கோத்து, கை மெல்லச் சாய்ந்து... டக். தூறல் நின்றுவிடும். முதல் நாள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மதியம் முழுக்க இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் வந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டக். மேகம் மூடினால் இருபது நிமிடம் சத்தமே இல்லை. ராத்திரி எழுந்து போய்ப் பார்த்தேன், வலை நனைந்தபடியே சாய்ந்து கிடந்தது. பம்ப் தூங்குகிறது. எந்த டைமரும் இதைச் செய்யாது.

தண்ணீர்ச் செலவும் சுருங்கியது. எட்டு நாசிலும் சேர்ந்து நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவு. மூட்டமான நாளில் ஐந்து லிட்டர், கோடையில் பதினைந்து. சாரலுக்கு டிரம்மில் பிடித்த மழைத் தண்ணீர் போதும். கோடையில் மகள் அறை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இரவுக்கு ஏழெட்டு லிட்டர் வருகிறது, மீதிக்குக் கொஞ்சம் நல்ல தண்ணீர். மழைத் தண்ணீரிலும் ஏசி தண்ணீரிலும் உப்பு கிடையாது. சுண்ணாம்பு படிந்த பழைய நாசில்களை லெமன் சால்ட் கரைசலில் ஓர் இரவு ஊறப்போட்டேன், ஆறு பிழைத்தது.

மூன்றாவது வாரம் ஒரு குச்சியை இரண்டு விரலால் லேசாக மேலே இழுத்தேன். வந்தது. அடியில் வெள்ளையாகக் கடலைப் பருப்பு மாதிரி ஒரு தடிப்பு. வேர் இல்லை. அது காயம் ஆறிய தழும்புதான், அதைப் பார்த்துத் துள்ளக் கூடாது என்று பிறகு புரிந்தது. மறுபடி குத்திவிட்டேன். ஐந்தாவது வாரம் இழுத்தபோது குச்சி வர மறுத்தது. மண்ணைப் பிடித்துக்கொண்டு எதிர்த்து நிற்கிற அந்தச் சின்ன இழுப்பு விரலில் தெரியும். மேலே இலை வெளிறிப்போயிருந்தது. தூறல் தினம் தினம் இலையின் சத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும், அதனால் பயமில்லை. வேர் பிடித்த பிறகு 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம் போட்டுத் தெளித்தேன், பத்து நாளில் பச்சை திரும்பியது.

நாற்பதில் முப்பத்தொன்று. இந்தத் தடவை அவசரப்படவில்லை. தூறலில் வளர்ந்த இலைக்குத் தன் தண்ணீரைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது, பழக்க வேண்டும். மறு முனை நட்டை அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருகி, வலை நன்றாகக் காய்ந்த பிறகே தூறல் வருகிற மாதிரி ஒரு வாரம். அப்புறம் தட்டை நாசிலுக்கு வெளியே எடுத்து, நிழல்வலைக்குக் கீழே காலை மாலை கைத்தெளிப்பு ஒரு வாரம். அப்புறம் கவர். ஐந்து போனது, இருபத்தாறு நின்றது.

ஆவணியில் குவார்ட்டர்ஸ் லைனை இடித்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை. செடிகளில் பெரும்பாலானவை பழைய ஷிப்ட் ஆட்களின் வீடுகளுக்குப் போயின. ரிங் ஃப்ரேமில் இருந்த ஓர் அக்கா கவரை வாங்கி, புல்லி இதழ் எதுவும் இல்லாத வெறும் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எச் பிளான்ட் கதவாண்ட இருந்ததா?" என்று கேட்டார். நான் சொல்லவே இல்லை. வாட்ச்மேன் அண்ணன் சொந்த ஊர் போய்விட்டார். அவருக்கு எடுத்து வைத்த செடி பஸ் பார்சலில் போனது.

இப்போது வடிகட்டிக்குக் கீழே இட்லிப்பூவும் குரோட்டன்ஸும் இருக்கின்றன. காகிதப்பூவும் போட்டிருக்கிறேன், ஆனால் அதைத் தட்டில் போடாமல் நேராகக் கவரிலேயே நடுகிறேன். அதன் வேர் கண்ணாடி மாதிரி, மாற்றி நடும்போது ஒடிந்துவிடும்.

போன மாதம் ஒரு நாள் மதியம் வீட்டுக்கு வந்தால் குச்சி எல்லாம் வாடிக் கிடந்தது. பம்ப் சரி, பேட்டரி சரி, நாசில் சரி. வடிகட்டி மட்டும் கீழே சாய்ந்தே நிற்கிறது. எட்டிப் பார்த்தால் அதன் மேல் ஓர் ஓணான் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. வலை காயவே இல்லை என்று தராசு நினைத்துக்கொண்டிருக்கிறது. விரட்டிவிட்டு, கோழிவலையில் ஒரு கூடு செய்து வடிகட்டியின் மேல் கவிழ்த்தேன். மறுநாள் பார்த்தால் ஓணான் அந்தக் கூட்டின் உச்சியில். தூறல் விழும்போது மட்டும் இறங்கிப் போகிறது, நின்றதும் ஏறிக்கொள்கிறது. சரி, தராசுக்கு இடைஞ்சல் இல்லாதவரை இருந்துவிட்டுப் போகட்டும். துணிக்கொடியை மட்டும் நாளைக்கு மாடியின் மறுபக்கம் மாற்றிக் கட்ட வேண்டும், ஆணி வாங்கி வைத்திருக்கிறேன்.